நூறு நாளுக்குள் நான்கு பண்டிகை: கடன் வாங்காமல் கொண்டாட முடியுமா?

கேள்வி: தூத்துக்குடியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி பள்ளி ஆசிரியை. இருவருக்கும் சேர்த்து மாதம் 62,000 ரூபாய் வருகிறது. நான் இந்து, மனைவி சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். இரண்டு பக்கப் பண்டிகைகளும் எங்கள் வீட்டில் உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது 80,000 ஆகிறது, தீபாவளி போனஸோ 20,000தான். கிரெடிட் கார்டில் இப்போது 60,000 பாக்கி. மாதம் 7,000 கட்டுகிறேன். பக்கத்துத் தெருவில் நடத்தும் தீபாவளி பண்டில் சேரலாமா? பண்டிகையைக் குறைக்கச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு வீட்டிலும் சண்டை வரும்.

பதில்: குறைக்கச் சொல்லவில்லை, ஒரே ஒரு வருஷம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். தீபாவளிக்கு 27,000, கிறிஸ்துமஸுக்கு 25,000, புத்தாண்டுக்கும் தங்கைக்குச் சீராகக் கொடுக்கும் பொங்கல் படிக்கும் 16,000. ஆக 68,000 ரூபாய் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடுகிறது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஈஸ்டர், ஆடி மாதக் கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டும் தலைக்கட்டு வரி, சபையின் அசனம் என்கிற பொது விருந்து எல்லாம் சேர்ந்தே 12,000தான். இரண்டு மதம் இருப்பதால் செலவு என்று உறவில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நூறு நாளுக்குள் எல்லாம் குவிவதும், அதைக் கார்டில் தேய்ப்பதும்தான் சிக்கல்.

கார்டு வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்வோம். 60,000க்கு மாதம் 7,000 கட்டினால் அடைக்கப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் சுமார் 12,600, ஜிஎஸ்டி தனி. ஜனவரியில் கட்டத் தொடங்கினால் நவம்பரில் முடியும், அதற்குள் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். வட்டிக்குப் போகும் பணத்தில் உங்கள் கிறிஸ்துமஸ் செலவில் பாதி அடங்கிவிடும்.

அதனால் முதல் வேலை, வீட்டில் இருக்கும் நகையை வங்கியில் வைத்துக் கார்டை ஒரேயடியாக அடைப்பது. நகைக்கடன் 10% வட்டி அளவில் கிடைத்தால், அதே 7,000 கட்டி ஒன்பது மாதத்தில் முடித்துவிடலாம். வட்டி 3,000க்குள் நிற்கும். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டினால் போதும் என்று வங்கியில் சொல்வார்கள். அதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாமல் மாதாமாதம் கட்டுங்கள். நகையை வைத்த பிறகு கார்டைத் திரும்பத் தொட்டால் இரண்டு கடனாகிவிடும். பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

மார்ச்சில் கட்டத் தொடங்கினால் நவம்பரில் கடன் தீரும். 2026 தீபாவளி நவம்பர் 8. கையில் சேமிப்பு இருக்காது, போனஸ் மட்டும்தான் இருக்கும். நான் சொன்ன அந்த ஒரு வருஷம் இதுதான். தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டையும் அந்த 20,000க்குள் நடத்துங்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பண்டிகைக்கும் துணி எடுங்கள். பெரியவர்களுக்கு ஒன்று போதும். பட்டாசில் கை வையுங்கள். தங்கையின் படியில் வேண்டாம், அந்த மனக்கசப்பு 16,000 ரூபாயை விடப் பெரிது. அதற்கு டிசம்பர் மாதத்து 7,000த்தையும் ஜனவரி சம்பளத்தில் கொஞ்சத்தையும் ஒதுக்கினால் சமாளித்துவிடலாம்.

ஜனவரியிலிருந்து அதே 7,000த்தை ஒன்பது மாத ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக் கணக்கில் போடுங்கள். ஏன் ஒன்பது? பன்னிரண்டு மாதம் போட்டால் 2027 தீபாவளி உங்களை முந்திவிடும். அது அக்டோபர் கடைசியிலேயே வருகிறது. 2025இல் இன்னும் முன்னால், அக்டோபர் 20க்கே வந்தது. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த இருபது நாள் வித்தியாசம் லேசானதல்ல. அக்டோபர் 20 என்றால் செப்டம்பர் சம்பளத்தில் மிஞ்சியதை வைத்துத்தான் கொண்டாட வேண்டும். நவம்பர் 8 என்றால் புதுச் சம்பளம் கையில் இருக்கும். ஒன்பது மாத ஆர்.டி. முடியும்போது 63,000மும் கொஞ்சம் வட்டியும் வரும். போனஸையும் சேர்த்தால் 68,000க்குத் தாராளம், மிச்சத்தில் அடுத்த பங்குனிக்கும் கொடைக்கும் ஆகும்.

இடையில், காயல்பட்டினம் பக்கமிருந்து இதைப் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரம்ஜான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வருகிறது. இந்த மார்ச்சில் பெருநாள் என்றால் அடுத்த மார்ச்சில் இன்னும் முன்னதாக. அதற்காகச் சேர்ப்பவர்கள் பதினொரு மாதக் கணக்கில் சேர்ப்பதே சரி. ஜகாத் என்கிற கட்டாயத் தர்மத்தின் 2.5% பிறை ஆண்டுக் கணக்கில் வருவது, அதைப் பண்டிகைச் செலவோடு கலக்காமல் தனியாக எடுத்துவையுங்கள்.

சிறிய செலவுகளுக்கு வேறொரு சேமிப்புக் கணக்கில் மாதம் 1,000 போதும். ஒன்றைக் கவனியுங்கள்: பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும், ஈஸ்டரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான். 2026இல் ஏப்ரல் 1ல் ஒன்று, 5ல் இன்னொன்று. சாஸ்தா கோயிலுக்கு ஊருக்குப் போகும் வண்டிச் செலவும் ஈஸ்டர் பிரியாணியும் ஒரே வாரத்தில் விழும். மனைவி சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் மாதச் செலவு, அதைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் பேசப்போவதில்லை.

அப்புறம் அந்தப் பண்டு. வேண்டாம். சீட்டு நடத்த 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு வேண்டும். தெருவில் நோட்டுப் போட்டு வசூலிக்கும் தீபாவளி பண்டுகள் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பதிவு இல்லாமல் பொதுமக்களிடம் பணம் திரட்டுவதை 2019இல் வந்த சட்டம் தடை செய்கிறது. நடத்துகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். கடைசியில் தருவது எவர்சில்வர் பாத்திரமும் பட்டாசுப் பெட்டியும் இனிப்பும், விலை அவர் போட்டது. உங்களுக்குத் தேவை கிறிஸ்துமஸ் கேக்குக்கும் செலவழியும் ரொக்கம். முகதாட்சண்யத்துக்காகச் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், போனாலும் பரவாயில்லை என்கிற தொகைக்கு மட்டும் சேருங்கள்.