வாசகர் கேள்வி – பதில்: வீதியோர மரத்தின் செலவு யாருக்கு, நிழல் யாருக்கு?

கேள்வி: எங்கள் ஒழுங்கை காலி வீதியிலிருந்து மரைன் டிரைவ் வரை இறங்குகிறது. அதன் ஒரு பக்கத்தில் மரக்கன்றுகள் நட்டுத் தருமாறு மாநகர சபையிடம் மனுக் கொடுக்கச் சிலர் முயல்கிறார்கள். வேர் மதிலைப் பிளக்கும், சருகு பீலியை அடைக்கும், பெருமழையில் கொப்பு முறிந்து தலையில் விழும் என்று வேறு சிலர் எதிர்க்கிறார்கள். கணக்குப் பார்த்தால் வீதிமரம் இலாபமா, நட்டமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரு தரப்பாரும் சொல்வது உண்மைதான். சருகு கூட்டுவதும், அடைபட்ட பீலியில் நுளம்பு பெருகாமல் பார்த்துக்கொள்வதும், காகம் எச்சமிட்ட காரைக் கழுவுவதும் மரத்துக்கு நேரெதிரே குடியிருப்பவரின் வேலையாகிவிடுகின்றன. நிழலோ அவ்வழியே பாடசாலைக்கு நடந்து போகும் பிள்ளைக்கும், முச்சக்கரவண்டியை நிறுத்திவைத்துக் காத்திருப்பவருக்கும் உரியதாகிறது. ஊர் முழுவதற்கும் இலாபமாக இருக்கும் ஒன்று ஒரு வீட்டுக்கு நட்டமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட பின்னரே கணக்குக்குள் இறங்க வேண்டும்.

இக்கணக்கை மிக விரிவாகப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அங்குள்ள ஐந்து நகரங்களைப் பற்றி 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு மரத்துக்கு ஆண்டொன்றுக்கு 13 முதல் 65 டொலர் வரை செலவானது. கிடைத்த பயன் 31 முதல் 89 டொலர் வரை என மதிப்பிடப்பட்டது. அதாவது, செலவிட்ட ஒவ்வொரு டொலருக்கும் 1.37 முதல் 3.09 டொலர் வரை திரும்பி வந்தது. நியூயோர்க் நகரில் இது 5.60 டொலர் என்று பின்னர் கணிக்கப்பட்டது. இவ்வெண்களை அப்படியே கொழும்புக்குக் கொண்டுவர நான் தயங்குவேன். வீட்டு மனைகளின் விலையேற்றம் அந்தப் பயன்களில் கணிசமான பங்கு வகிக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு விலையேற்றம் பயனா, சுமையா என்று வெள்ளவத்தையில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நமக்கு முதன்மையான பயன் நிழல். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்பதால், எட்டு மாடித் தொடர்மாடிகூட அந்நேரத்தில் நடைபாதையில் நிழல் போடுவதில்லை. தலைக்கு மேலே விரிந்த கிளை மட்டுமே போடும். வெயிலில் கிடக்கும் தார்ப்பரப்போடு ஒப்பிட்டால், நிழலில் உள்ள பரப்பு 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை குறைந்த வெப்பத்தில் இருக்கக்கூடும். இலைகள் நீராவியை வெளியிட்டுக் காற்றைக் குளிர்விக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்த நம் கரையோரக் காற்றில் அதன் பலன் வறண்ட ஊர்களில் உள்ள அளவுக்கு இராது. மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர்களை மறைத்து நிற்கும் மரம் மின்கட்டணத்திலும் ஓரளவு மிச்சம் தரும்.

இப்பயன்களெல்லாம் பெரிய மரத்துக்கே உரியவை என்பதுதான் சிக்கல். கன்று நட்ட ஆண்டில் செலவு மட்டுமே உண்டு. பயன் உச்சத்துக்கு வரும் முதிர்ந்த காலத்தில்தான் ஆபத்தும் கூடுகிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸொன்றின் மீது பெருமரம் சாய்ந்து ஐவர் உயிரிழந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதைக் காட்டி மரமே வேண்டாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால், முதிர்ந்த மரங்களை ஒழுங்காகப் பரிசோதிக்கவும், உட்புறம் உளுத்தவற்றை உரிய நேரத்தில் அகற்றவும் பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் ஒதுக்காமல் கன்று நடுவிழா மட்டும் நடத்துவதை நன்மையின் பக்கத்தில் சேர்க்கவும் என்னால் முடியவில்லை. அமெரிக்க நகரங்களில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், வீதிமரத்தின் சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டுகள் என்று கணித்தார்கள். நிழல் நன்றாக விழத் தொடங்கும் பருவத்திலேயே பல மரங்கள் போய்விடுகின்றன என்பதே இதன் பொருள்.

வேரைப் பற்றிய அச்சத்தில் பாதி சரி. நன்றாக இருக்கும் நீர்க்குழாயை வேர் உடைப்பதில்லை. ஏற்கெனவே கசியும் மூட்டினுள்தான் நுழையும். ஆனால் அடிமரம் வரை கொங்கிறீற் பூசிவிட்டால், காற்றும் ஈரமும் தேடி வேர் மேலெழுந்து நடைபாதைக் கற்களைத் தூக்கத்தான் செய்யும். வடிகானுக்காகவோ குழாய் பதிக்கவோ ஒரு பக்க வேரை வெட்டிவிட்டால் மரம் பச்சையாகவே நிற்கும். மண் ஊறிய ஒரு நாளில் காற்றடித்தால்தான் அதன் பிடி போனது தெரியவரும்.

உங்கள் ஒழுங்கையில் உப்புக்காற்று உண்டு. அதைத் தாங்கும் பூவரசும் புன்னையும் பொருந்தும். மின்கம்பி செல்லும் பக்கத்தில் பூவரசே மேல். கறுவாத்தோட்டத்தின் அகன்ற வீதிகளில் அழகாக விரிந்திருக்கும் தூங்குமூஞ்சி மரத்தை ஒழுங்கையில் நட ஆசைப்படாதீர்கள். மனுவில் கன்றுகளின் எண்ணிக்கையை விட, குழியின் அளவு என்ன, முதல் இரண்டு ஆண்டுகளில் சனவரி, பெப்ரவரி வறட்சிக்கு நீரூற்றுபவர் யார், கொப்புக் கழிப்பவர் யார் என்பனவற்றை எழுத்தில் கேளுங்கள். எதிர்க்கும் அயலவர்கள் கேட்பதும் ஏறக்குறைய அவற்றைத்தான்.

கேள்வி: வாகனப் புகையையும் வெள்ளத்தையும் மரங்கள் குறைத்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். நகரக் காற்றிலிருந்து மரங்கள் அகற்றும் மாசு பொதுவாக ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இரு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய ஒடுங்கிய தெருவில், அடர்ந்த கிளைகள் கூரை போல மூடிக்கொண்டால் புகை மேலே கலைந்து போகாமல் கீழேயே தங்கவும் கூடும். மழையைப் பொறுத்தவரை, சிறு தூறலை இலைகள் தாங்கிக்கொள்ளும். சில மில்லிமீற்றர் நனைந்த பின்னர் வருவதெல்லாம் தரைக்குத்தான். கொழும்பின் வெள்ளத்தைத் தாங்குபவை அதன் சதுப்பு நிலங்களே. 2018இல் ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்ற அங்கீகாரம் இந்நகருக்குக் கிடைத்ததும் அவற்றுக்காகத்தான். அவற்றை நிரப்பிவிட்டு வீதியில் மரம் நடுவது ஈடாகாது.

கேள்வி: என் கடையின் பெயர்ப்பலகையை ஒரு மரம் மறைக்கிறது. ஆள் பிடித்து மேற்பகுதியை வெட்டிவிடலாமா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: கூடாது. வீதியோர மரம் அந்த வீதியைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. காலி வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், உள்வீதியென்றால் மாநகர சபையிடமும் கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் உச்சியை மொட்டையடிக்கச் சொல்லாதீர்கள். வெட்டுவாய் உளுத்துப்போகும், அங்கிருந்து கொத்தாக எழும் புதுக்கிளைகள் பிடிப்பின்றி வளர்ந்து, சில ஆண்டுகளில் உங்கள் வாடிக்கையாளரின் வாகனத்தின் மீதே விழும். பலகையை மறைப்பவை பெரும்பாலும் தாழ்ந்த கொப்புகள்தான். அவற்றை மட்டும் கழித்துத் தருமாறு கேளுங்கள். மரம் இளமையாக இருக்கும்போதே செய்தால் காயம் சிறிதாக இருந்து விரைவில் மூடிக்கொள்ளும், செலவும் குறையும்.