கேளுங்கள், சொல்கிறேன்: போர்ப் படங்களும் போருக்குப் போனவர்களும்

கேள்வி: என் அம்மப்பா இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் லொறி ஓட்டியவர். டிவியில் போர்ப் படம் ஓடி, சிப்பாய் கொடியைப் பிடித்தபடி வசனம் பேசிச் சாகும் கட்டம் வந்தால் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவார். சண்டைக்குப் போன மனிதருக்கே அந்தக் காட்சி ஏன் பிடிக்கவில்லை? அவருக்கு நாட்டுப்பற்று இல்லையா? (வாசகி, கோண்டாவில்)

பதில்: பிள்ளை, உங்கள் அம்மப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் போரைக் கண்ட மனிதர்கள் நடுவே வளர்ந்தவன் நான். என் அப்பா மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்து, பென்சனோடு மானிப்பாய்க்குத் திரும்பியவர். பின்னேரங்களில் எங்கள் வீட்டு விறாந்தையில் மலாயன் பென்சனியர்கள் கூடுவார்கள். அவர்களில் ஒருவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தவர். ஜப்பான்காரர் றப்பர் தோட்டத் தமிழர்களைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டுபோனபோது அவரையும் கூட அனுப்பினார்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் கொலரா பரவியதைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகு காயவில்லை என்பார். செத்தவர்களின் பெயரையும், அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கமா சேலம் பக்கமா என்பதையும் சொல்வார். வீரம், தியாகம் என்று அவர் பேச்சைத் தொடங்கி நான் கேட்டதில்லை.

உங்கள் அம்மப்பா படையில் சேர்ந்தபோது இலங்கை சுதந்திர நாடே அல்ல. சம்பளத்துக்காகச் சேர்ந்தவர்கள் உண்டு, ஊரை விட்டு வெளியே போய்ப் பார்க்க வேண்டும் என்று சேர்ந்தவர்களும் உண்டு. அதை வைத்து அவர்களைப் பற்றில்லாதவர்கள் என்று சொல்ல நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். அவர்களின் பற்று பக்கத்தில் நின்ற ஆளின் மேல் பிறந்தது. குண்டு விழும் இடத்தில் சாகிறவன் தண்ணீர் கேட்பான், அம்மாவைக் கூப்பிடுவான். அதைப் பார்த்த ஒருவருக்கு, ஆர அமர வசனம் பேசிச் சாகும் நடிகரைப் பார்க்க மனம் ஒப்பாது. உங்கள் அம்மப்பா எழும்பிப் போனது கூடச் செத்தவர்கள் மேல் வைத்த மரியாதையால் என்றே நான் நம்புகிறேன்.

கேள்வி: படம் என்றால் கற்பனை இருக்கத்தானே செய்யும்? பழைய சிப்பாய்கள் அதற்குக் கோபப்படுவது நியாயமா? (வாசகர், சுன்னாகம்)

பதில்: நியாயம்தான். எங்கள் நாட்டிலேயே, கித்துல்கலையில் களனி ஆற்றின் மேல் பாலம் கட்டி எடுத்த 'த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957இல் வந்து 7 ஒஸ்கார் விருதுகள் வாங்கிய படம். அதில் கைதியாகப் பிடிபட்ட பிரிட்டிஷ் கேணல், எதிரிக்குக் கட்டிக் கொடுக்கும் பாலத்தின் மேலேயே பெருமை கொண்டு, அதைத் தகர்க்க வருகிறவர்களைத் தடுக்கப் பார்க்கிறார்.

உண்மையில் அந்தப் பால முகாமில் கைதிகளின் மூத்த அதிகாரியாக இருந்தவர் லெப்டினன்ட் கேணல் பிலிப் டூசி. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் விழப்போகும் நேரத்தில், தப்பிப் போகும்படி மேலிடத்து உத்தரவு வந்தும், என் ஆட்களோடுதான் இருப்பேன் என்று நின்றவர். பாலம் கெட்டுப் போகட்டும் என்று கைதிகள் கறையான்களைப் பிடித்து வந்து அதன் மரங்களில் விட்டார்கள், கொங்கிறீட் கலவையைக் கெடுத்தார்கள். அவர்கள் தங்கள் அதிகாரியைத் திரையில் இப்படிக் கண்டு கொதித்துப் போனார்கள். முகாமில் இருந்த சய்டோ என்ற ஜப்பானிய அதிகாரியின் கதை இன்னும் பெரியது. மற்றவர்களைவிட மனிதத்தன்மையோடு நடந்தவர் என்று போருக்குப் பின் டூசி அவருக்காகப் பேசினார். டூசி 1975இல் இறந்த பின் சய்டோ இங்கிலாந்துக்குப் போய் அவருடைய கல்லறையை வணங்கினார். படத்திலும் சய்டோ என்ற பெயரில் ஒருவர் வருகிறார், கொடிய முகாம் தலைவராக.

கைதிகளின் கோபத்தை நான் ஏற்கிறேன். ஆனால் என்னை அதைவிட வருத்துவது வேறொன்று. அந்தப் பாலம், நான் முன்பு சொன்ன சயாம் ரயில் பாதையில்தான் இருந்தது. 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர், செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போல மூன்று மடங்கு. செத்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெருங்கூட்டம். படத்தில் பாலம் கட்டுகிறவர்கள் வெள்ளைச் சிப்பாய்கள் மட்டும். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று தியேட்டருக்கு அழைத்து, கதவைப் பூட்டி, அப்படியே ரயிலில் ஏற்றினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்த மக்களைப் படமும் விட்டுவிட்டது.

டூசிக்கு அநியாயம் நடந்தபோது பத்திரிகைக்கு எழுத அவருடைய ஆட்கள் இருந்தார்கள். பாதை போன தாய்லாந்தின் காஞ்சனபுரி மயானத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. தோட்டத் தொழிலாளியைக் குழியில் மொத்தமாகப் போட்டார்கள். அவனுக்காக எழுத யார் இருந்தார்கள்? எங்கள் ஆட்கள் மலாயாவில் கிளாக்கர், தோட்டக் கணக்கு எழுதும் கிராணி, டிரெசர். எழுத்து அவர்கள் கையில் இருந்தது. விறாந்தையில் அவ்வளவு கதை சொன்னவர்கள் அதைத் தாளில் எழுதி வைக்கவில்லை. இதை யாழ்ப்பாணத்தவர்களாகிய நாங்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: இப்போது படங்களுக்கு முன்னாள் இராணுவத்தினரை ஆலோசகர்களாக வைக்கிறார்களே, போதாதா? (வாசகர், நெல்லியடி)

பதில்: சல்யூட் அடிக்கும் விதம், துவக்குப் பிடிக்கும் விதம், உடுப்பில் பட்டி எங்கே வரும், இவற்றைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரவில் என்ன பயம் வந்தது, யாரை விட்டுவிட்டு ஓடவேண்டி வந்தது என்று கேட்டால் படம் வேறு மாதிரி வரும்.

கேள்வி: எங்கள் மண்ணில் நடந்த போரைப் பற்றி வரும் படங்களைப் பார்க்கலாமா? (வாசகி, பருத்தித்துறை)

பதில்: பாருங்கள். பார்த்துவிட்டு வாய் திறந்து பேசுங்கள். இந்தப் போரில் நின்றவர்கள், இரு பக்கத்திலும், இன்னும் எங்களிடையே நடமாடுகிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017இல் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த தாய்மார்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். தெற்கில் எடுத்தாலும் சரி, தமிழ்நாட்டில் எடுத்தாலும் சரி, படத்தை முதலில் அந்தத் தாய்மாருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தத் தயாராக இருக்கும் இயக்குநரை நான் மதிப்பேன். அவர்களைக் கேட்காமல் கைதட்டலுக்காக எடுத்ததை மதிக்க மாட்டேன்.

கேள்வி: இலங்கையின் இராணுவ வரலாற்றில் படமாக எடுக்க வேண்டியது எது? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: இந்து சமுத்திரத்தில் இருக்கும் கொக்கோஸ் தீவில் நடந்த கலகம். 1942 மே 8ஆம் தேதி இரவு, அங்கே காவலுக்கு நின்ற சிலோன் காரிசன் ஆட்டிலறி என்ற இலங்கைப் பீரங்கிப் படைச் சிப்பாய்களில் ஒரு பகுதியினர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். தீவை ஜப்பானிடம் கொடுப்பது அவர்கள் திட்டம். அது தோற்றது, அன்றிரவு இறந்தவரும் இலங்கைச் சிப்பாய் ஒருவரே. கிரேஷியன் பெர்னாண்டோ உட்பட மூவரை ஆகஸ்ட் மாதம் வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போரில் பொதுநலவாயப் படைகளில் கலகத்துக்காகத் தூக்கு மேடை ஏறியவர்கள் இவர்கள் மட்டுமே. சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே நாட்டு இளைஞர்கள் என்பதால், இதை எடுக்கிறவர் யாரையும் வில்லனாக்கி ஒதுங்க முடியாது. தம்பி, நீங்கள் எழுதத் தொடங்குவதானால் தூக்கிலிடப்பட்டவர்களோடு அன்றிரவு செத்தவரின் வீட்டுக் கதையையும் தேடுங்கள்.