சயாம் மரண ரயில் இழப்பீடு: ஏஜென்டிடம் பணம் கட்டலாமா?

பேராக் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தாவை 1943இல் ஜப்பானியர் ரயில் பாதை போடச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோனார்கள், அவர் திரும்பவேயில்லை. ஜப்பானிடம் இழப்பீடு வாங்கித் தருவதாகவும், காஞ்சனபுரியில் அவருடைய கல்லறையைக் காட்டுவதாகவும் ஓர் ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?"

கட்டாதீர்கள், அம்மா. தனியாள் மனுப்போட்டு ஜப்பானிடம் வாங்கக்கூடிய தொகை எதுவும் இப்போது இல்லை. 1967 செப்டம்பர் 21 அன்று செய்த உடன்படிக்கையில், 2.5 கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்கு இரண்டு சரக்குக் கப்பல்களைப் பெற்றுக்கொண்டு, போர்க்காலக் கணக்கு முற்றாகத் தீர்ந்ததென்று நம் அரசு கையெழுத்திட்டுவிட்டது. தோட்டத்து லயத்தில் பிள்ளைகளோடு தனித்து நின்ற விதவையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என்னிடம் ஒரு குடும்பம் கொண்டுவந்த 'விண்ணப்பத்தில்' சிவப்பு முத்திரைகள் மூன்று இருந்தன. அதை யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற முகவரி மட்டும் இல்லை. அடையாள அட்டை நகலை ஏற்கெனவே கொடுத்திருந்தால், இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கல்லறை விஷயத்திலும் ஏமாற வேண்டாம். காஞ்சனபுரி போர்க் கல்லறையில், பெயரும் படைப்பிரிவும் இறந்த தேதியும் பொறித்த வெண்கலத் தகடுகளின் கீழ்க் கிடக்கும் கிட்டத்தட்ட 7,000 பேரும் போர்க்கைதிகள், பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக்காரர்கள். சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவிய முகாம்களில் பிணங்களைக் குழிகளில் தள்ளியபோது பெயர் எழுதிவைக்க ஆளில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தாத்தா தோட்டத் தொழிலாளியாக அல்லாமல், பிரிட்டிஷ் இந்தியப் படையிலோ மலாயாத் தொண்டர் படையிலோ இருந்து கைதியானவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைக் கட்டணமின்றித் தேடலாம். கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ளன. 'பட்டாளத்தில் இருந்தார்' என்று பாட்டி சொன்னது மட்டும் போதாது. தோட்டத்திலிருந்து நேரே நேதாஜியின் படைக்குப் போனவர்கள் இதில் சேரமாட்டார்கள்.

உங்கள் தாத்தாவைப் போன்றவர்களுக்கு, கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1945க்குப் பிந்தைய தொழிலாளர் இலாகாக் கோப்புகளைக் கேளுங்கள். தாத்தாவின் பெயரைவிடத் தோட்டத்தின் அன்றைய பெயரைச் சொல்லித் தேடுவதே பலன் தரும். காஞ்சனபுரிக்குப் போனால், போர்க் கல்லறைக்குப் பக்கத்திலுள்ள வாட் தாவோன் விகாரையில், பெயரில்லாத தொழிலாளர்களின் எலும்புகளை அடக்கம் செய்த தூபியைக் கேட்டுப் போங்கள். அங்கே விளக்கேற்ற எந்த ஏஜென்டும் தேவையில்லை.