ஆல்டர்நேட்டிவ் ராக், மெட்டல்: கேளுங்க, சொல்றேன்

சரி, சொன்ன மாதிரி ஆல்டர்நேட்டிவ் ராக், மெட்டல் பத்தின உங்க கேள்விக்கு பதில் சொல்ல உக்காந்துட்டேன். பழசு, புதுசு, கத்துறது, முனகுறது எதை வேணா கேளுங்க. "எந்த பேண்ட் பெஸ்ட்"னு கேட்டா மட்டும் ரசிகையோட பதில்தான் வரும், நடுவர் தீர்ப்பு எதிர்பார்க்காதீங்க.

கேள்வி: ப்ரோ, நான் இதுவரைக்கும் மெலடி பாட்டு கேட்டே வளந்தவன். மெட்டல் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? 1970லேர்ந்து வரிசையா கேக்கணுமா?

பதில்: ப்ரோ இல்ல, அக்கா. பரவால்ல. வரிசையா எல்லாம் வேணாம், பரீட்சைக்கா படிக்கப் போறீங்க. மெலடி பழகின காதுக்கு ஆலிஸ் இன் செயின்ஸ்தான் நல்ல வாசல்னு நினைக்கிறேன், 1992ல வந்த டர்ட் ஆல்பம் போடுங்க. லேன் ஸ்டேலி ஒரு குரல், கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல் இன்னொரு குரல், ரெண்டும் ஒட்டியும் ஒட்டாமலும் ஹார்மனில போகும், கீழ ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் துணுக்கு) பாட்டுக்கு சேறு மாதிரி இழுத்துட்டுப் போகும். ஆல்பம் போதைப் பழக்கத்தைப் பத்தினது, அதனால மனசு லேசா இருக்கிற நாள்ல கேளுங்க. அது செட் ஆச்சுன்னா டெஃப்டோன்ஸ் பேண்டோட வைட் போனி ஆல்பம் (2000). அதுவும் செட் ஆச்சுன்னா உங்களை இனிமே காப்பாத்த முடியாது, திரும்பி வாங்க, அடுத்த லிஸ்ட் தரேன்.

கேள்வி: அக்கா, மெட்டல்ல இருக்கிற அந்த இருட்டு சவுண்ட் எப்படி வந்துச்சு? ஆம்ப்ல டிஸ்டார்ஷன் (சவுண்டோட கரகரப்பு) ஏத்தினா போதுமா?

பதில்: போதாது. இதுக்கு பர்மிங்காம்ல இருந்த ஒரு தகர ஃபேக்டரிக்குப் போகணும். பிளாக் சப்பாத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமிக்கு அப்ப வயசு 17, அங்க வேலைக்கு அதான் கடைசி நாள், மெஷின்ல மாட்டி வலது கை நடுவிரல், மோதிர விரல் ரெண்டோட நுனியும் போயிடுச்சு. ஆளு இடது கை பழக்கம், அதனால கம்பியை அழுத்துற கையே அதுதான். கிட்டார் அவ்வளவுதான்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அப்ப ஃபேக்டரி மேனேஜர் ஒரு ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்டைக் கொண்டு வந்து கேளுன்னார், ஜாங்கோ தீ விபத்துக்கு அப்புறம் இடது கையில ரெண்டு விரலை மட்டுமே நம்பி சோலோ வாசிச்ச மனுஷன். இவரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி, அழுத்த சுலபமா இருக்கட்டும்னு மெல்லிசு கம்பி போட்டு வாசிக்க ஆரம்பிச்சார். 1971ல வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி ஆல்பத்துல பல பாட்டுக்கு கிட்டாரை மூணு செமிடோன் (அரை ஸ்வரம்) கீழ இறக்கிட்டார், கம்பி தளர்ந்தா விரலுக்கும் சுகம், சவுண்டும் பாதாளத்துக்குப் போகுது. ஸ்டோனர், டூம், ஸ்லட்ஜ்னு மெட்டல்ல எந்த வகைப் பேர்ல இன்னைக்கு டவுன்ட்யூன் பண்ணி வாசிச்சாலும் அந்த ஆல்பத்துக்குக் கடன்பட்டவங்கதான்.

ஆனா ட்யூனிங் இறக்குறதுக்கு முன்னாடியே இருட்டு வந்துடுச்சு. 1970 பிப்ரவரில வந்த முதல் ஆல்பத்துல முதல் பாட்டு, பேண்ட் பேர்லயே இருக்கும். மழை, மணிச்சத்தம், அப்புறம் அந்த ரிஃப். மூணே ஸ்வரம்: ச, மேல் ச, பிரதி மத்யமம். அவ்வளவுதான். ச-வுக்கும் அந்த ம-வுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத்தான் ட்ரைடோன்னு சொல்றாங்க. அதை மெதுவா, நிறைய இடம் விட்டு வாசிக்கிறாங்க பாருங்க, பயமே அங்கேர்ந்துதான் வருது. சவுண்டை ஏத்தினா சத்தம் வரும், கனம் வராது. இதை இன்னைக்கு இன்னும் நாலு பதில்ல திருப்பித் திருப்பி சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி: நிர்வானா ஓவர்ரேட்டட்தானே? நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு), ஒரு கத்தல்.

பதில்: சண்டைக்கு ஆள் தேடுறீங்கன்னு தெரியுது. நாலு கார்டுங்கிறது குறையா என்ன? அவங்க நெவர்மைண்ட் ஆல்பம் 1991 செப்டம்பர்ல வந்துச்சு, 1992 ஜனவரில அமெரிக்க சார்ட்ல மைக்கேல் ஜாக்சனோட டேஞ்சரஸைத் தள்ளிட்டு முதல் இடத்துக்குப் போச்சு. அந்த "வெர்ஸ் அடக்கம், கோரஸ் வெடிப்பு" வித்தையை பிக்ஸீஸ் பேண்ட்கிட்டேர்ந்து எடுத்தேன்னு நிர்வானா பாடகர் கர்ட் கோபேனே பேட்டில சொல்லியிருக்கார், மறைக்கல. நான் சொல்ல வர்றது வேற. பிக்ஸீஸோட சர்ஃபர் ரோசாவை (1988) ரெக்கார்ட் பண்ணது ஸ்டீவ் அல்பினி. நெவர்மைண்ட் ரொம்ப பாலிஷா போயிடுச்சுன்னு கர்ட்டுக்கு உறுத்தல் இருந்ததால அடுத்த ஆல்பம் இன் யூட்டரோவுக்கு (1993) நேரா அதே அல்பினிகிட்ட போனாங்க. மனுஷன் ராயல்டி வேணாம்னுட்டார், பிளம்பர் மாதிரி வேலைக்கு இவ்வளவுன்னு ஒரு தடவை கூலி குடுத்தா போதும்னு லெட்டரே எழுதினார். அந்த ஆல்பத்துல டிரம்ஸ் மட்டும் தனியா கவனிங்க, டேவ் க்ரோல் அடிக்கிற ரூம் உங்களுக்குக் கேக்கும், சுவரு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லிடலாம் போல இருக்கும். நெவர்மைண்ட் சலிச்சவங்க எல்லாரும் இதுக்கு வாங்க. அல்பினி 2024 மே மாசம் போயிட்டார், அந்த வாரம் பூரா நான் இதேதான் ஓட்டிக்கிட்டிருந்தேன்.

கேள்வி: அக்கா டூல் பாட்டுக்கு தலை ஆட்ட முடியல, எங்கயோ தவறுது. கணக்கு தெரிஞ்சாதான் ரசிக்க முடியுமா?

பதில்: கணக்கு தெரியாமலும் ரசிக்கலாம், ஆனா தாளம் போட்டுப் பழகின கைக்கு டூல் ஒரு விருந்து. ஸிஸம் பாட்டை எடுத்துக்கோங்க, மெயின் ரிஃப் அஞ்சும் ஏழுமா மாறி மாறி போகும். கண்ட சாபு ஒண்ணு, மிஸ்ர சாபு ஒண்ணு. "தக தகிட, தகிட தகதிமி"னு வாயால சொல்லிக்கிட்டே ஜஸ்டின் சான்சலரோட பேஸைக் கேளுங்க, அந்த "எங்கயோ தவறுது" சட்டுனு சரியாகிடும். லேட்டரலஸ்ல கோரஸ் 9, 8, 7னு இறங்கும், அந்தப் பாட்டுக்கு வேலை நடக்கும்போது பேரே 9-8-7தான், 987ங்கிறது ஃபிபோனாச்சி வரிசையில வர்ற எண்ணும்கூட, பாடகர் மேய்னார்ட் பாடுற வரில அசைகளும் 1, 1, 2, 3, 5, 8னு ஏறி இறங்கும். இதை வெச்சு பிரபஞ்ச ரகசியம் கண்டுபிடிச்சவங்க கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்ககிட்ட மாட்டிக்காதீங்க. டிரம்மர் டேனி கேரி தபலா கத்துக்கிட்ட ஆளு, அதைக் கேட்டுட்டுப் போனா போதும்.

கேள்வி: அப்ப மெஷுகா பேண்ட்? அதுல எதை எண்றது?

பதில்: எதையும் எண்ணாதீங்க! கிட்டாரைப் பாக்காம சிம்பலைப் பாருங்க. டிரம்மர் தாமஸ் ஹாக்கேயோட வலது கை சிம்பல்ல ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு சாதாரணமா போகும், காலும் கிட்டாரும் மட்டும் வேற நீளத்துல ஒரு பேட்டர்னை சுத்திச் சுத்தி வாசிக்கும், சில பார் (தாள ஆவர்த்தம்) கழிச்சு அந்த சுத்தை வெட்டி சமத்துக்குக் கொண்டு வந்து விட்டுடுவாங்க. கழுத்து சிம்பலோட போகட்டும். ஆப்சென் (2008) ஆல்பம், ப்ளீட் பாட்டு.

கேள்வி: நான் பொண்ணு, க்ரவுல் (மெட்டல்ல உறுமிப் பாடறது) கத்துக்க ஆசை. தொண்டை போயிடும்னு வீட்ல பயமுறுத்துறாங்க. உண்மையா?

பதில்: தப்பா பண்ணா போயிடும், சரியா பண்ணா போகாது. நாம பேசுற குரல் நாண்களுக்கு மேல இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு, ஃபால்ஸ் கார்டுன்னு சொல்வாங்க, க்ரவுலோட கரகரப்பு பெரும்பாலும் அதை அதிர வெச்சு வர்றது. மூச்சு வயித்துலேர்ந்து சீரா வரணும், தொண்டையை இறுக்கக்கூடாது. நேர்ல பக்கத்துல நின்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும், நினைக்கிற அளவுக்கு சத்தமே இருக்காது, மைக்தான் பாதி வேலை பாக்குது. எரிச்சல், அரிப்பு, அடுத்த நாள் குரல் கட்டுறது இதுல எது வந்தாலும் அன்னைக்கு நிறுத்திடும்மா, "வலிச்சாதான் வரும்"னு எவனாவது சொன்னா நம்பாத. இதுக்குன்னே மெலிஸா க்ராஸ்னு ஒரு வாய்ஸ் டீச்சர் இருக்காங்க, பெரிய பெரிய மெட்டல் சிங்கருங்க போய் கத்துக்கிட்ட ஆளு. கேக்கறதுக்கு ஏஞ்சலா காஸோ பாடின ஆர்ச் எனிமி ஆல்பம் வேஜஸ் ஆஃப் சின் (2001), அப்புறம் உக்ரைன் பேண்ட் ஜின்ஜரோட பைஸீஸ். பாடகி ததியானா அதுல இனிமையா பாடிட்டே திடீர்னு அடிவயித்துக்குள்ள இறங்குவா பாரு, அந்த இனிமை இல்லன்னா அந்த இறக்கத்துக்கு மதிப்பே கிடையாது.

கேள்வி: மெட்டாலிகா ஜஸ்டிஸ் ஆல்பத்துல பேஸ் கிட்டார் எங்க?

பதில்: தேடிக்கிட்டே இருக்கோம். பேஸ் வாசிச்ச கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பர்ல ஸ்வீடன்ல பஸ் விபத்துல போனார், அடுத்து வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசிச்சதை 1988ல வந்த ஜஸ்டிஸோட மிக்ஸ்ல (வாத்தியங்களோட சத்த அளவை சேத்து வெக்கிற வேலை) கீழ அமுக்கிட்டாங்க. 2018ல ரீமாஸ்டர் விட்டப்பகூட மிக்ஸை தொடல. டெத் மேக்னடிக் (2008) இதுக்கு நேரெதிர் கொடுமை, எல்லாத்தையும் ஏத்தி ஏத்தி சவுண்டே கிழியுது, அதே ஆல்பம் கிட்டார் ஹீரோ கேம்ல வந்த வெர்ஷன் இவ்வளவு கம்ப்ரெஸ் ஆகாம நல்லா இருந்துச்சுன்னு ரசிகருங்க கண்டுபிடிச்சு சண்டை போட்டாங்க. எல்லாமே சத்தமா இருந்தா எதுவுமே சத்தமா இல்ல.

கேள்வி: பாடகர் செஸ்டர் இல்லாத லிங்கின் பார்க்கை ஏத்துக்க முடியல அக்கா. நீங்க?

பதில்: ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லப்பா. ஹைப்ரிட் தியரியோட (2000) வளந்தவங்களுக்கு அந்தக் குரல் சொந்தக்காரங்க குரல் மாதிரி. 2017ல அவர் போனப்பறம் ஏழு வருஷம் கழிச்சு புதுப் பாடகி எமிலி ஆம்ஸ்ட்ராங்கோட வந்தாங்க, 2024 நவம்பர்ல ஃப்ரம் ஜீரோ ஆல்பம். எனக்கு அதுல சில பாட்டு பிடிச்சிருக்கு, ஏன்னா அவங்க செஸ்டரா நடிக்கல. பழைய பாட்டை அவங்க குரல்ல கேக்கறது எனக்கும் இன்னும் கஷ்டம்தான். ஆலிஸ் இன் செயின்ஸ்லயும் இதே சண்டை நடந்துச்சு, லேன் 2002ல போனார், புதுப் பாடகர் வில்லியம் டுவாலோட 2009ல பிளாக் கிவ்ஸ் வே டு ப்ளூ வந்துச்சு, இன்னைக்கு அதைக் குறை சொல்றவங்க ரொம்பக் கம்மி. கொஞ்ச காலம் விட்டுப் பாருங்க.

கேள்வி: புதுசா எதுவுமே உருப்படியா வரலை, மெட்டல் செத்துப்போச்சு. ஸ்லீப் டோக்கன்லாம் மெட்டலா?

பதில்: அங்கிள், இதை நெவர்மைண்ட் வந்தப்பவும் சொன்னாங்க, நியூ மெட்டல் (nu metal, ராப் கலந்த மெட்டல்) வந்தப்பவும் சொன்னாங்க. 2024 ஜூலைல பாரிஸ் ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல கான்சியர்ஜரி கோட்டை ஜன்னல்ல நின்னு பிரெஞ்சு மெட்டல் பேண்ட் கோஜிரா வாசிச்சதை உலகமே பாத்துச்சு, செத்த ஆளுக்கு நல்ல மேடைதான். ஸ்லீப் டோக்கன் எனக்குப் பாதி பிடிக்கும், முகமூடி மர்மம் எல்லாம் சும்மா அலங்காரம், டேக் மீ பேக் டு ஈடன் (2023) ஆல்பத்துல பியானோ, ஆர் அண்ட் பி குரல்னு போயிட்டே இருந்து டமால்னு ரிஃப் விழும்போது நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே வித்தை பாட்டுக்குப் பாட்டு வந்தா அடுத்து எப்ப விழும்னு நமக்கே தெரிஞ்சுடுது. 2025ல வந்த ஈவன் இன் ஆர்கேடியா அமெரிக்க சார்ட்ல முதல் இடம் போச்சு, அதனால என் கருத்து அவங்களுக்குத் தேவைப்படாது.

உங்க ரசனைக்கு நான் வேற தரேன். ப்ளட் இன்கான்டேஷனோட ஆப்சலூட் எல்ஸ்வேர் (2024): டெத் மெட்டல், நடுவுல எழுபதுகள் சிந்தசைஸர் மிதப்பு, மொத்தமே ரெண்டு பாட்டு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட இருபது நிமிஷம். சிந்தசைஸர் இசைக்குப் பேர் போன டேஞ்சரின் ட்ரீம் குழு ஆள் ஒருத்தரே வந்து வாசிச்சிருக்கார். ஓபெத் பேண்ட் 2011ல க்ரவுலை விட்டுட்டாங்கன்னு அழுதவங்களுக்கு 2024ல த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்ல மைக்கேல் ஆகர்ஃபெல்ட் திரும்பவும் உறுமியிருக்கார், உயில் படிக்கிற கதை, நடுவுல ஜெத்ரோ டல் பேண்ட் பாடகர் இயன் ஆண்டர்சன் பேசுவார். அசிங்கமா, சகதியா வேணும்னா சாட் பைல் பேண்டோட காட்ஸ் கன்ட்ரி (2022), அல்பினி ரசிகருங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரிதான் இருக்காங்க. சந்தோஷமா குதிக்கணும்னா டர்ன்ஸ்டைலோட க்ளோ ஆன் (2021). இதுல ஒண்ணுகூட ஒட்டலன்னா பிரச்சினை மெட்டல்கிட்ட இல்ல அங்கிள், கோச்சுக்காதீங்க.

கேள்வி: டெஃப்டோன்ஸ்ல எது? அரவுண்ட் த ஃபரா, வைட் போனியா?

பதில்: வைட் போனி. ஜிம்முக்குன்னா அரவுண்ட் த ஃபர்.

கேள்வி: ரேடியோஹெட்டை இந்தக் கணக்குல சேக்கலாமா?

பதில்: ஓகே கம்ப்யூட்டர் (1997) வரைக்கும் கண்ணை மூடிட்டு சேக்கலாம். கிட் ஏ-ல (2000) அவங்களே கிட்டாரை மூலையில சாத்திட்டாங்க, இருந்தாலும் அதுதான் எனக்குப் பிடிச்சது, என்ன பண்றது.

கேள்வி: அக்கா, இப்பதான் கிட்டார் வாங்கினேன், பார் கார்டு (ஒரே விரலால பல கம்பியை அழுத்திப் பிடிக்கிறது) பிடிக்கவே வரல. சீக்கிரமா ஏதாவது ஹெவியா வாசிக்க வழி இருக்கா?

பதில்: இருக்கு தம்பி, ட்ராப் டி-ன்னு ஒரு ட்யூனிங். ஆறாவது கம்பி, அதான் தடிமனானது, அதை ஈ-லேர்ந்து டி-க்கு இறக்கு. ட்யூனர் இல்லன்னா நாலாவது கம்பியை சும்மா மீட்டு, அதுவும் டி-தான், அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி கீழ கேக்கற வரைக்கும் ஆறாவதைத் தளர்த்து. இப்ப தடிமனான மூணு கம்பியையும் (6, 5, 4) ஒரே விரலால அழுத்தினா பவர் கார்டு (ச, ப மட்டும் இருக்கிற கார்டு) வந்துடும், விரலை இழுத்துக்கிட்டே ரிஃப் வாசிக்கலாம். சவுண்ட்கார்டன், ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின், டூல் எல்லாரும் இதுல நிறைய வாசிச்சிருக்காங்க, கார்ன் ஒரு படி மேல போய் ஏழு கம்பி கிட்டாரை ஏ வரைக்கும் இறக்கிட்டாங்க, உனக்கு இப்ப அது வேணாம். ஆம்ப்ல கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டுற குமிழ்) பாதிக்கு மேல ஏத்தாத, இல்லன்னா எந்த ஸ்வரம் தப்புன்னு உனக்கே கேக்காது. வாசிக்காத நேரத்துல வலது உள்ளங்கையை பிரிட்ஜ் (கிட்டார் உடம்புல கம்பி உக்கார்ற இடம்) பக்கத்துல கம்பி மேல வெச்சு அமுக்கிப் பழகு, ரெண்டு அடிக்கு நடுவுல சுத்தமா நின்னா தான் அடுத்த அடி விழும்போது உதைக்கும். கம்பி ரொம்ப லொடலொடன்னு ஆடுச்சுன்னா அடுத்த செட் வாங்கும்போது ஒரு சைஸ் தடிமனா வாங்கிக்கோ.