தோப்புக்குள் விருந்தாளி: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆனைமலைப் பக்கம் நாலரை ஏக்கர் தென்னை. வெள்ளை ஈ, வாடல் நோய் என்று காய்ப்பு பாதியாகிவிட்டது. சும்மா கிடக்கும் பழைய சாளையை (தோட்டத்து வீட்டை) ரெண்டு ரூமாக்கி டவுன்காரர்களுக்கு விடலாம் என்கிறான் மகன். என்ன அனுமதி வாங்க வேண்டும்? விவசாய வருமானம்தானே, வரி வராதே?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி வட்டம்

பதில்: வரும். தேங்காய் விற்ற காசுக்கு வருமான வரி கிடையாது, ஆனால் ரூம் வாடகையும் சாப்பாட்டுக் காசும் வியாபார வருமானம். அதற்குத் தனி நோட்டு போடுங்கள். ஜிஎஸ்டி பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம், அது வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான்.

இதைவிட முக்கியம் கரண்ட். மோட்டார் ரூமிலிருந்து ஒரு ஒயர் இழுத்து சாளைக்கு ஃபேன், ஹீட்டர் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்டுவிடாதீர்கள். பம்புசெட்டுக்குக் கொடுத்த இலவச இணைப்பை வேறு எதற்கும் தொடக்கூடாது. பிடித்தால் அபராதத்தோடு போகாமல் அந்த இணைப்புக்கே ஆபத்து வரும், அப்புறம் தென்னைக்குத் தண்ணீர் எங்கிருந்து பாயும்? விருந்தாளிகளுக்குத் தனி இணைப்பு, தனி மீட்டர் வாங்குங்கள்.

கட்டட வேலைக்கு முன்னால் ஊராட்சியில் கேளுங்கள். மலையை ஒட்டிய ஊர் என்றால் ‘ஹாகா’ எனும் மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இருந்தால் விதிகள் இன்னும் கறார். சமைத்துப் போடுவதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், சின்ன அளவுக்கு அது பெரிய வேலை இல்லை. வெளிநாட்டுக்காரர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் விவரம் ஏற்ற வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 6 அறை வரை பதியலாம், வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உங்களுக்கு அது தோதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மகன் நீச்சல் குளம் என்று ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். களத்தில் நட்ட பாரையில் காயைக் குத்தித் திருப்பி, மூன்றே இழுப்பில் மட்டையைக் கழற்றிப் போடுகிறாரே உங்கள் உரிப்புக்காரர், அதை வாய் பிளந்து பார்ப்பார்கள் டவுன் பிள்ளைகள். ஆனால் அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள், வேடிக்கை காட்டும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் ‘ஃபார்ம் ஸ்டே’ என்று போர்டு. உள்ளே பத்து காட்டேஜ், பயிர் என்று காட்ட நாலு வாழை. ராத்திரி பூரா ஸ்பீக்கர், பக்கத்துக் கிணறெல்லாம் வற்றுகிறது. கேட்க ஆளே இல்லையா?
- ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: ஸ்பீக்கருக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் போடக்கூடாது. காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு போதாது. தண்ணீர் விஷயத்தைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். வருஷத்துக்கு 6 தடவை கூடுகிறது, தீர்மானமாகப் பதிவாகிவிட்டால் பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கையில் ஒரு காகிதம் இருக்கும்.

ஆனால் பண்ணை எது, பண்ணை வேஷம் போட்ட ரிசார்ட் எது என்று பிரிக்கிற கோடு நம்மிடம் தெளிவாக இல்லை, சிக்கலே அங்கேதான். இத்தாலிக்காரர்கள் 1985-லேயே இதற்குச் சட்டம் போட்டு 2006-ல் புதுப்பித்தார்கள். விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், நிலத்தில் ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில்தான் ஆளைத் தங்க வைக்கலாம், இலையில் விழுவதில் கணிசமான பங்கு சொந்த விளைச்சலாக இருக்க வேண்டும். 10 விருந்தாளிக்குள் என்றால் விவசாயமே பிரதானம் என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது, சின்ன விவசாயி கணக்குக் காட்டி அலைய வேண்டியதில்லை. பத்து காட்டேஜ்காரர் அங்கே அந்தப் பெயரில் கடை திறக்கவே முடியாது. நம் அரசு வேறெதையும் பார்க்காமல் இந்த ஒரு யோசனையை எடுத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பேன்.

காட்டு ஓரத்தில் என்றால் இன்னும் சீரியஸ். நீலகிரி யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் காலி செய்ய வேண்டும் என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2020-ல் உறுதி செய்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: பண்ணைச் சுற்றுலாவுக்கு மானியம் உண்டா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மானியத்தை நம்பி இறங்காதீர்கள். மகாராஷ்டிராவில் 2005-ல் பாராமதி பக்கம் மாலேகாவ் என்ற கிராமத்தில் இது தொடங்கியது, அந்த மாநிலம் இதற்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்ததோ 2020-ல். இடைப்பட்ட காலத்தில் அந்த விவசாயிகளைக் காப்பாற்றியதில் குளிர்கால ‘ஹுர்டா’வுக்கும் பங்கு உண்டு. பால் பிடித்த இளஞ்சோளக் கதிரை வயலிலேயே தணலில் சுட்டு, உள்ளங்கையில் கசக்கி, சூட்டோடு சட்னிப் பொடி சேர்த்துத் தின்பார்கள், அதற்காகவே புனேயிலிருந்து கார்கள் வரும். உங்கள் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நாற்று நடவு இருக்கிறது, வெண்ணாற்றங்கரை இருக்கிறது, மார்கழியில் வந்தால் பச்சை கண்ணைப் பறிக்கும்.

கேள்வி: பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலாவாக அழைக்கலாம் என்றிருக்கிறேன். என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கிணற்றுக்குச் சுவர் இருக்கிறதா? இல்லையென்றால் அதை எழுப்பி, மேலே கம்பி வலையும் போட்டுவிட்டு அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசுங்கள். டிராக்டர் ட்ரெய்லரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். மருந்தடித்த வயலில் அந்த வாரம் கால் வைக்க விடக்கூடாது. பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளோடு சுத்தமான கழிப்பறை வேண்டும், டீச்சர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.