தேர்தலைப் பின்தொடர எந்த ஹேஷ்டேக்? கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூர்த் தேர்தல் பற்றிய பழைய பதிவுகளுக்காக #ஜிஇ2020 என்று தேடினேன். அயர்லாந்துச் செய்தியாக வந்து கொட்டுகிறதே?

பதில்: கொட்டத்தான் செய்யும். 2020 பிப்ரவரி 8 அன்று அயர்லாந்தில் பொதுத்தேர்தல், ஜூலை 10 அன்று சிங்கப்பூரில். 'ஜிஇ' என்பது பொதுத்தேர்தலின் ஆங்கிலச் சுருக்கம்; இரண்டு இடத்திலும் அதே ஹேஷ்டேக். 2015இல் பிரிட்டனுக்கும் சிங்கப்பூருக்கும் இதே கூத்து நடந்தது. தேடும்போது தேதியையும் சேர்த்துப் போடுங்கள், தப்பிக்கலாம். புதிதாக வைப்பவர்கள் நாட்டின் சுருக்கத்தை விடவே கூடாது.

கேள்வி: ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக யோசிக்க வேண்டுமா அண்ணா?

பதில்: வேண்டாம். கனடாக்காரர்களைப் பாருங்கள். 'எலெக்‌ஷன்' என்பதை ஆங்கிலத்தில் நான்கே எழுத்தாக நறுக்கி, பின்னால் எத்தனையாவது பொதுத்தேர்தல் என்ற எண்ணை ஒட்டிவிட்டார்கள். 2011இல் 41, 2015இல் 42, 2019இல் 43, 2021இல் 44. பெரும்பான்மை இல்லாத அரசு எப்போது கவிழும் என்று தெரியாத ஊரில் ஆண்டை நம்ப முடியாது, எண் மாறாது. அன்றாட அரசியல் சண்டைக்கு #சிடிஎன்பாலி என்று தனியாக ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

கேள்வி: அங்கே ஹேஷ்டேக்கில் முடிவுகளைப் போடவே தடை இருந்ததாமே?

பதில்: இருந்தது. கிழக்கே வந்த முடிவை, மேற்கே வாக்குப்பதிவு முடியும்வரை பரப்பக் கூடாது என்றது தேர்தல் சட்டத்தின் 329ஆவது பிரிவு. 2011 மே 2 அன்று, 'முடிவை ட்வீட் செய்' என்றே ஒரு ஹேஷ்டேக் வைத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். 2014இல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

கேள்வி: மலேசியாவில் 2018இல் #ஜிஇ14, #பிஆர்யு14 என இரண்டு ஓடின. ஒன்றைத் தூக்கிவிடலாம் அல்லவா?

பதில்: கூடாது. முன்னது ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு, பின்னது மலாயில் எழுதுபவர்களுக்கு; 'பிஆர்யு' என்பது பொதுத்தேர்தலின் மலாய்ச் சுருக்கம். ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிப் பேச்சு உங்கள் காதில் விழாது. இரண்டிலும் 14, அதாவது 14ஆவது பொதுத்தேர்தல் என்ற எண், இருக்கிறதே, அது போதும்.

கேள்வி: தமிழிலேயே வைக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் #பொதுத்தேர்தல் வேறு, #பொதுதேர்தல் வேறு; ஒரு 'த்' விட்டால் உங்கள் பதிவு தனியாகப் போய் நிற்கும். 'எலெக்‌ஷன்' என்று வைத்தால் இன்னும் மோசம், ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். நடுவில் இடம் விட்டால் அதற்குப் பின்னால் உள்ளது ஹேஷ்டேக்கில் சேராது.

கேள்வி: கட்சிக்காரர்கள் புகுந்து நிரப்பிவிட்டால்?

பதில்: நிரப்புவார்கள், தடுக்க வழியில்லை. நம்பகமான நிருபர்களை ஒரு பட்டியலாகச் சேர்த்து, எண்ணிக்கை நாளில் அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.