பாதி விளையாட்டாகச் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுவது

வணக்கம் அண்ணாச்சி. அம்பாசமுத்திரத்தில் இருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலைபார்க்கும் நீங்கள், அடுத்த கூட்டத்தைத் தாமிரபரணிப் படித்துறையில் வைக்கலாம் என்று ஆங்கிலத்தில் விளையாட்டாக எழுதியதை மேலாளர் மெய்யென்றே எடுத்துக்கொண்டு பயணச் செலவை விசாரித்தார் என்றும், 'ஜோக்கிங்லி' என்று சேர்த்திருந்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்தச் சொல் முழுவதையும் வேடிக்கையாக்கிவிடும். அவரை ஆற்றங்கரைக்கு அழைக்கும் ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருப்பதாக எழுதியிருப்பதால் 'ஹாஃப்-ஜோக்கிங்லி' என்பதே பொருந்தும். அதை வினைச்சொல்லுக்கு முன்னால் வைத்து, 'ஐ ஹாஃப்-ஜோக்கிங்லி சஜெஸ்டட்' என்று எழுதுங்கள். 'ஒன்லி ஹாஃப் இன் ஜெஸ்ட்' என்றால், 'ஒன்லி' சேர்ந்ததாலேயே எடை உண்மையின் பக்கம் சாய்ந்துவிடும். 'டங் இன் சீக்' இங்கே வேண்டாம். அது நினைப்பதற்கு மாறானதை முகம் மாறாமல் சொல்லும் கேலியைக் குறிப்பது.

நம் பக்கத்தில் 'வாலே' என்பதை இழுக்கும் விதத்திலேயே அன்பா, கேலியா என்பது தெரிந்துவிடுகிறது. எழுத்தில் அந்தக் குரல் இல்லை. மேலே சொன்ன தொடர்களும் பெரும்பாலும் முன்பு பேசியதைப் பிறகு விவரிக்கவே பயன்படுபவை என்பதால், அழைப்பை விடுக்கும் அதே கடிதத்தில், அழைப்பை அடுத்து 'ஐ ஆம் ஒன்லி ஹாஃப் ஜோக்கிங்' என்று தனி வாக்கியமாக எழுதுவதுதான் இயல்பாக இருக்கும். மேலாளருக்கு இப்போது விளக்கம் எழுதுவதானால், முதலில் சொன்ன 'சஜெஸ்டட்' வாக்கியத்தையே பயன்படுத்துங்கள்.